முதல் ஏத்து

அக்டோபர் 3, வியாழன்

வெயில். புரட்டாசி பாதி தாண்டியும் சித்திரை மாதிரி காய்கிறது. காலையில் ஓடைக்குப் போய் மடுவில் வலை போட்டேன். கல்வெர்ட்டுக்கு நேர் கீழே இருக்கிற மடு. கோடை முழுக்க ஓடையில் தண்ணீர் நின்ற ஒரே இடம் அதுதான். மற்றதெல்லாம் வேலிக்காத்தானும் பிளாஸ்டிக்கும்.

கிடைத்தவை: கெண்டை நிறைய. கெளுத்தி. ஆரால் ஒன்று. குறவை இரண்டு. ஜிலேபி, கேட்கவே வேண்டாம். யாரோ வீட்டுத் தொட்டியில் வளர்த்து அலுத்துப்போய்க் கொண்டுவந்து விட்ட கறுப்பு சக்கர் மீன் ஒன்று. வலையைக் கிழித்துவிட்டது, சனியன்.

கெண்டைகளுக்கு வயிறு வைத்திருக்கிறது. விரலால் தடவினால் சினை தெரிகிறது. இனி ஒரு நல்ல மழைதான் பாக்கி. மேலே சித்தேரியிலிருந்து செந்தண்ணீர் இறங்கினால், கீழே பெரிய ஏரியிலும் மடுவிலும் இருக்கிற மீனெல்லாம் எதிர்த்து ஏறும், மேலே போய் முட்டையிடும். இந்தப் பக்கத்தில் இதற்கு ஏத்து என்று பேர்.

ஏறும் என்று எழுதுகிறேன். சர்வீஸ் ரோடு போட்டபோது கட்டிய கல்வெர்ட்டின் வாய் மடுவுக்கு மேலே இடுப்பு உயரத்தில் தொங்குகிறது. தண்ணீர் விழும், மீன் ஏற முடியாது. அதைக் கட்டியதிலிருந்து ஏத்து கிடையாது.

அதற்குத்தான் படி. ஒரு மாதமாக நானும் தேசிங்குவும் கட்டியது. அவர் ஜேசிபியில் இடித்த வீட்டுக் கருங்கல்லை அள்ளிவந்து கொட்டினார். மடுவிலிருந்து கல்வெர்ட் வாய் வரை சரிவாக அடுக்கினோம். நடுவில் ஒரு முழ அகலத்துக்கு வாய்க்கால். இந்த ஓடையை ஆராய என்னை வேலைக்கு வைத்திருக்கிற கல்லூரிக்கு நான் எழுதிக் கொடுத்த காகிதத்தில் ‘மீன் வழி’. தேசிங்கு வாயில் ‘மீன் லிஃப்ட்டு’.

“ஏறுமாக்கா?”

“ஏறும்.”

“ஏறலைன்னா?”

“டிசம்பரோட என் வேலை முடிஞ்சுது. உயிர் இல்லாத ஓடைன்னு எழுதிட்டு மேல சிலாப் போட்டு மூடிடுவாங்க. மழைநீர் வடிகால்.”

“அப்ப ஏறியே ஆவணும்” என்றார். ஏதோ மீனிடம் சொல்லிவைக்க வேண்டியதுதான் பாக்கி என்கிற மாதிரி.

தேசிங்கு குடும்பம் நெல் போட்ட நிலத்தில் இப்போது மூன்று பிளாக் அபார்ட்மெண்ட். ஒன்றின் அஸ்திவாரத்தை இவரே தோண்டினார். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. மீனைப் பற்றிச் சொல்வதில் பாதி தப்பு. சக்கர் மீனை முதலைக்குட்டி என்று நினைத்துக் கல்லால் அடித்தவர். ஆனால் கூப்பிட்டால் வருகிறார். இந்த ஊரில் எனக்கு அப்படி வேறு யாரும் இல்லை.

வாங்க: வலை தைக்க நைலான் நூல். சேமியா. ரவிக்கு மாத்திரை.

அக்டோபர் 6, ஞாயிறு

மேகம் வந்தது, போனது. புழுக்கம்.

ரவியை ஓடைக்கு வரச் சொன்னேன். லேப்டாப்பை விட்டுத் தலையைத் தூக்காமலேயே, “அந்த நாத்தத்துக்கா? நீ போய்ட்டு வா” என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் வேலை நடக்கிற இடத்தை ஒரு தடவை பார்த்ததில்லை. சென்னீர்குப்பத்தில் எங்கள் பால்கனியில் நின்றால் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓடையின் நாணல் தெரியும். அதைப் பார்த்து “பச்சையா நல்லாத்தான் இருக்கு” என்பார். அவ்வளவுதான்.

சாயங்காலம் ஊர்க் கூட்டம். கூட்டம் என்றால் டீக்கடை முன்னால் நாலு பிளாஸ்டிக் சேர், மிச்சப்பேர் பைக் மேல். விஷயம் ஒன்றுதான். ஏத்து வந்தால் என்ன செய்வது?

இங்கே ஏத்து என்றால் திருவிழா. ஊத்தாக்கூடை, கொசுவலை, பழைய சேலை, எது கையில் கிடைக்கிறதோ அதோடு ஊரே தண்ணீரில் இறங்கும். என் பயம் அதுதான். முழ அகல வாய்க்காலில் எவனாவது கூடையைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தால் ஒரு மீன் மேலே போகாது. நான் கட்டினது படி இல்லை, பொறி என்று ஆகிவிடும்.

அதனால் பேரம் பேசினேன். முதல் நாள் ஏறுகிறதை யாரும் தொடக்கூடாது. முட்டையிடப் போகிற கூட்டம் அது. ரெண்டாம் நாள் எவ்வளவு வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளுங்கள்.

முணுமுணுத்தார்கள். ஒரு பெரியவர், “புரட்டாசி முழுக்க வாய கட்டிகினு கீறோம். ஐப்பசி பொறந்து மொத மீனு ஏறும்போது கைய கட்டிகினு நிக்க சொல்றியே தாயி” என்றார். சிரிப்பு. நானும் சிரித்தேன்.

தேசிங்கு எழுந்து நின்றார். “மொத நாளு நானே காவ நிக்கிறேன். எவன் எறங்கறான்னு பாக்கலாம்.” அவர் மனைவி செல்வி பின்னாலிருந்து, “ஆமா, இவரு பெரிய ஐயனாரு” என்றாள். ஆனால் பேரம் முடிந்தது.

கடைசியாக ஒருத்தி கேட்டாள். “மீனு ஏறிட்டா தண்ணி நல்லா கீதுன்னு அர்த்தமாக்கா?”

“மீன் ஏறினா ஓடை பிழைச்சுதுன்னு அர்த்தம்” என்றேன். கைதட்டாத குறை.

அக்டோபர் 8, செவ்வாய்

விடிகாலை பனி மாதிரி ஒரு புகை. பனி இல்லை.

மடுவில் நத்தைகளெல்லாம் நாணல் தண்டில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. தண்ணீரை விட்டு ஒரு சாண் மேலே. ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை, எல்லாத் தண்டிலும். கெண்டைகள் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து பிளந்து மூடுகின்றன.

“கொட்டாவி வுடுதுங்க” என்றார் தேசிங்கு. சிரிக்க வரவில்லை. கீழே காற்று போதாமல் மேலே வந்து குடிக்கின்றன. ஆக்சிஜன் மீட்டர் போன வாரத்தில் பாதி காட்டுகிறது.

கொக்கு கூட்டம் கூட்டமாக. ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுக்கிறார்கள். இயற்கையாம்.

காரணம் தேடி மடுவின் கீழ் ஓரமாக நடந்தேன். வலது பக்கம் ஒரு தகரக் கொட்டகை. பெயர்ப்பலகை இல்லை. ஆகஸ்டில் பூட்டிக் கிடந்தது, இப்போது உள்ளே மோட்டார் சத்தம். பின்பக்கத்திலிருந்து மடுவுக்கு ஒரு மண் வாய்க்கால். அதை மணல் மூட்டை போட்டு அடைத்திருக்கிறார்கள். மூட்டைக்கு அந்தப் பக்கம் கறுப்பாக, எண்ணெய் மினுக்கத்தோடு, நிறைய. மூட்டை இடுக்கில் கசிகிறது. மூக்கில் தின்னர் வாசனை, நாக்கில் காசு வைத்த மாதிரி ருசி. தலைவலி மதியம்வரை போகவில்லை.

கேட்டில் நின்றவன் வடக்கத்திப் பையன். எதைக் கேட்டாலும், “மாலிக் இல்லே, மேடம்.” முதலாளி இல்லையாம்.

புரட்டாசியில் யாரும் மீன் பிடிக்க வரமாட்டார்கள், மடுப் பக்கம் ஆள் நடமாட்டமே இருக்காது. கொட்டகைக்காரனுக்கு இது தெரிந்திருக்கிறது.

எதற்கு அடைத்து வைத்திருக்கிறான்? தேசிங்கு யோசிக்கவே இல்லை. “மழைக்கு வெயிட் பண்றான்க்கா. மழ வந்தா மூட்டைய ஒதைச்சு வுட்டா போச்சு. எவன் கண்டுபுடிப்பான்?”

அக்டோபர் 9, புதன்

நீர்வளத்துறை ஏ.இ.யைப் பார்த்தேன். நல்ல மனிதர். படி கட்ட வாய் வார்த்தையாக அனுமதி கொடுத்தவர். கேட்டுக்கொண்டார், தலையை ஆட்டினார். “கழிவு எங்க டிபார்ட்மெண்ட் இல்லைங்களே மேடம்.” இன்னொரு ஆபீஸ் பேர் சொன்னார். அந்த ஆபீசில் தண்ணீர் மாதிரியை வாங்கி வைத்துக்கொண்டு, ஆயுத பூஜை லீவு முடியட்டும் என்றார்கள். மழை லீவு பார்த்தா வரும்?

பாட்டிலைச் சுற்றியிருந்த துணிப்பையை அங்கேயே விட்டுவிட்டேன். நல்ல பை.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

தேசிங்கு வீட்டில் ஜேசிபிக்குப் பூஜை. சக்கரத்துக்குச் சந்தனம், பக்கெட் பல்லுக்குக் குங்குமம், ரெண்டு பக்கமும் வாழைக்கன்று. பூசணிக்காய் உடைத்தார். செல்வி பொரியும் சுண்டலும் ஒரு கவர் நிறைய. அவர்கள் பெண் கீர்த்தனா மூணாம் வகுப்பு. என் மீட்டருக்கும் பொட்டு வைத்துவிட்டாள்.

திரும்பும்போது கொட்டகையிலும் பூஜை. மோட்டாருக்கு மாலை, நீல பேரல்களுக்கெல்லாம் வரிசையாக விபூதிப் பட்டை. வாசலில் கற்பூரம். சாமி கும்பிட்டுவிட்டுத்தான் விஷத்தைக் காய்ச்சுகிறார்கள். எனக்கும் பொரி நீட்டினான் அந்தப் பையன். வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று இப்போது எரிச்சலாக வருகிறது.

மூட்டை ஒரு வரிசை உயர்ந்திருக்கிறது.

அக்டோபர் 14, திங்கள்

மழை வரும் என்றது போன். வரவில்லை. ஆவடிப் பக்கம் வானம் கறுத்தது, ஹெலிகாப்டர் ஒன்று இங்கேயும் அங்கேயும் போனது, பிறகு வெளுத்துவிட்டது.

வாழ்க்கையில் முதல்முறையாக மழை வேண்டாம் என்று நினைத்தேன். உடனே வேண்டும் என்றும் நினைத்தேன். கெண்டைகளுக்கு வயிறு முற்றிவிட்டது. இன்னும் நாள் போனால் சினையை மடுவிலேயே கொட்டிவிடும், அந்தக் கறுப்புத் தண்ணீரிலேயே. மழை வந்தால் மூட்டையை உதைப்பான். வராவிட்டால் கசிந்து கசிந்து சாகும்.

தேசிங்குவிடம் சொன்னேன், ஜேசிபியை விட்டு அந்த மண் வாய்க்காலை மூடிவிடலாமா என்று. யோசித்தார். “அவன் நெலம்க்கா. நாளைக்கு போலீஸு, கேஸுன்னு வந்தா வண்டிய புட்சி வச்சிப்பான். செல்வி என்ன கொன்னே போட்ருவா.” நியாயம்தான். இனி கேட்க மாட்டேன்.

செத்து மிதந்தவை, இன்று: ஆரால். சின்ன இறால் கரையோரம் நிறைய. சேகரித்து டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வைத்தேன். பிரிட்ஜைத் திறந்த ரவி ஒரு கத்து கத்தினார். “தயிருக்குப் பக்கத்துலயா?”

அக்டோபர் 17, வியாழன். ஐப்பசி 1

பூந்தமல்லி மார்க்கெட்டில் காலையிலேயே மீன்கடைக் கூட்டம். ஒரு மாதப் பட்டினி தீர்கிறது. எங்கள் மாடி வரைக்கும் நாலு வீட்டுப் பொரியல் வாசனை.

மடுவில் ஆச்சரியம். நத்தைகள் பாதி தண்ணீருக்கு இறங்கிவிட்டன. மீட்டரும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. நேற்றிரவு தூறிய தூறல் காரணமாக இருக்கலாம். அந்த ஆபீசிலிருந்து கொட்டகைக்கு ஆள் வந்துபோனதாகத் தேசிங்கு சொன்னார். மோட்டார் சத்தம் இல்லை. கேட் பூட்டு.

எவ்வளவு சந்தோஷம்! பயந்தாங்கொள்ளி மாதிரி பத்து நாளாகத் தூக்கம் கெட்டேனே. தேசிங்கு, “பாத்தியாக்கா, பூசணிக்கா ஒடச்சது சும்மாவா” என்றார்.

ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள், எப்போ, எப்போ என்று. ரெண்டாம் நாளுக்குக் கூடை தயார். செல்வி மசாலாவே அரைத்துவிட்டாளாம்.

மூட்டை அப்படியேதான் இருக்கிறது. அதை எழுதிவைக்கிறேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

(மாலை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.)

காலை இட்லி தட்டில் இருக்கும்போது மழை பிடித்தது. பெரிய மழை இல்லை, ஆனால் விடாமல். கொஞ்ச நேரத்தில் தேசிங்கு போன்.

“க்கா! ஏறுதுக்கா! லிஃப்ட்டு வேல செய்யுதுக்கா! ஓடியா!”

ஸ்கூட்டரில் போனேன். குடை, ரெயின்கோட் எதுவும் இல்லை. கல்வெர்ட் மேல் ஊரே நின்றிருந்தது. படியின் அடியில், மடுவில், முழங்கால் ஆழத்தில் தேசிங்கு. லுங்கியை மடித்துக் கட்டி, ரெண்டு கையையும் விரித்து.

“இன்னிக்கி எவனா கை வச்சீங்க, மவனே, பக்கெட்ல வாரி ரோட்ல போட்ருவேன்!”

நான் படியைப் பார்த்தேன். கல் இடுக்கில், வாய்க்காலில், கல் மேலேயே, மீன். கெண்டை ஒன்றின் மேல் ஒன்றாக. துள்ளி, விழுந்து, மறுபடி துள்ளி. ஒன்று மேலே போய்க் கல்வெர்ட்டுக்குள் மறைந்தது. அடுத்தது. அடுத்தது. நான் அழுதேன். வாய்விட்டு அழுதேன், வெட்கமே இல்லாமல். ஒருத்தி என் தோளைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். வீடியோ எடுத்தேன். ரவிக்கு அனுப்பினேன். மழையில் நனைந்துகொண்டே அரைமணிக்கு மேல் கரையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரமும் தேசிங்கு தண்ணீரில் நின்றார்.

முதலில் கண்ணில் பட்டது ஜிலேபி. ஜிலேபி ஏத்துக்கு ஏறாது. அதற்கு அந்த வழக்கமே இல்லை. இருந்த இடத்திலேயே குழி பறித்துக் குடும்பம் நடத்துகிற ஜாதி. அது ஏன் கல் மேல்?

பிறகு ஆரால். பிறகு நண்டு. இறால் கல்லில் அப்பிக்கொண்டு ஊர்ந்தது. தண்ணீர்ப்பாம்பு ஒன்று தேசிங்கு காலைத் தாண்டிப் போனது, மீனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சக்கர் மீன்கூடக் கல் மேல்.

தண்ணீர் சிவக்கவே இல்லை. சித்தேரியிலிருந்து ஒன்றும் வரவில்லை. கல்வெர்ட் வழியாக வந்தது ரோட்டு மழைத் தண்ணீர், விரல் கனம். ஏத்துக்கு வெள்ளம் வேண்டும். எதை எதிர்த்து ஏறுகின்றன?

குனிந்து ஒரு கெண்டையை எடுத்தேன். சினை இறுகித்தான் இருந்தது, இன்னும் விடும் பக்குவம் இல்லை. செவுளைத் தூக்கினால் உள்ளே காப்பி நிறம். உடம்பெல்லாம் கோழை.

ஏறவில்லை அவை. தப்பித்துக்கொண்டிருந்தன. மடுவில் நல்ல தண்ணீர் வருகிற ஒரே இடம் அந்தப் படி.

திரும்பிப் பார்த்தேன். மணல் மூட்டை வரிசையில் நடுவில் பல் போன மாதிரி ஒரு சந்து. அதன் வழியாகக் கறுப்பு. மழை வாசனையை அமுக்கியிருந்தது.

“தேசிங்கு, மேல வாங்க! வெளிய வாங்க!”

“இன்னாது?”

“தண்ணில விஷம்! வாங்க!”

“நான் நவுந்தா இவனுங்க பூந்துருவானுங்கக்கா. மொத நாளு மொத நாளு தான்.” இருமினார். “காலு வேற எரியுது. கல்லு கீச்சிருக்கும்.”

“வாங்கன்னா வாங்க! ஏத்து இல்ல இது!”

அதற்கு அவர் சிரித்தார். சத்தியமாகச் சிரித்தார். “தோ ஏறுது, ஏத்து இல்லன்றியே.” மறுபடி இருமல். நிற்கவில்லை. வளைந்து, படிக் கல்லைப் பிடித்தார், முட்டி போட்டு உட்கார்ந்தார். முகம் தண்ணீருக்குப் பக்கத்தில்.

நான் இறங்கினேன். இன்னும் ரெண்டு பேர். தூக்கிக் கரையில் போட்டபோது முழங்காலுக்குக் கீழே தோல் சிவந்து, கணுக்காலில் கொப்புளம். வாந்தி. உதடு நீலம்.

ஊர் சொன்னது: வெறும் வயித்தோட வந்துட்டான். வலிப்பு, சாவிய குடு. பாம்பு தீண்டிச்சு, நான் பாத்தேன்.

“கழிவைத் திறந்து விட்டிருக்கான்! யாரும் இறங்காதீங்க!” கத்தினேன். பைக் மேல் உட்கார்ந்திருந்தவன் பொறுமையாகச் சொன்னான். “அவ்ளோ மீனு உசுரோட ஏறுதுக்கா. வெசம்னா செத்துல்ல போவும்? மீனு ஏறுனா ஓட நல்லா கீதுன்னு நீதான சொன்ன.”

என் பாட்டிலில் மடுத் தண்ணீரை மொண்டு மூடினேன்.

ரவிதான் வந்தார். வீடியோ பார்த்துவிட்டு, முதல்முறையாக, மீன் பார்க்க வந்தவர். காரின் பின்சீட்டில் தேசிங்கு, செல்வி மடியில் தலை. அரசு ஆஸ்பத்திரி வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை ரவி. ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

என் காலும் எரிகிறது. சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவினேன். கொஞ்ச நேரம்தான் நின்றேன். தேசிங்கு நின்றது?

போன் செய்தது: போலீஸ். அந்த ஆபீஸ், யாரும் எடுக்கவில்லை, ஞாயிறு. ஏ.இ. “நாளைக்குக் காலைல முதல் வேலையா வர்றேன் மேடம், யாரையும் இறங்க விடாதீங்க” என்றார். போலீஸ்காரர் ஒருவர் வந்து கல்வெர்ட்டில் கயிறு கட்டிவிட்டுப் போனாராம்.

அக்டோபர் 21, திங்கள்

ஆஸ்பத்திரி வராந்தா. காலை. வானம் அடைத்துக்கொண்டு இருட்டாக இருக்கிறது.

நுரையீரலில் நீர் என்கிறார் டாக்டர். என்ன ரசாயனம் என்று தெரிந்தால் நல்லது என்றார். நேற்று மொண்ட மடுத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். பிழைப்பாரா என்று கேட்டேன். இன்றைக்கு ஒன்றும் சொல்ல முடியாது என்றார்.

செல்வி அழவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். நான் கொடுத்த காப்பி ஆறிப் போய் ஆடை கட்டிவிட்டது.

“ராவெல்லாம் அதயே கேட்டுகினு கீறாருக்கா. ஏறிச்சா, ஏறிச்சான்னு. நான் இன்னாத்த சொல்ல?”

உள்ளே விட்டார்கள். முகத்தில் மாஸ்க். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார், விரலைச் சேர்த்து மீன் மாதிரி வளைத்து, மேலே, மேலே. கண்ணால் கேள்வி.

“ஏறிடுச்சு தேசிங்கு. எல்லாம் மேல போயிடுச்சு.”

மாஸ்க்குக்குள் ஏதோ சொன்னார். குனிந்து கேட்டேன். “ரெண்டாம் நாளு... அவனுங்க புட்சிக்கட்டும். பாவம்.”

தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். வராந்தாவில் நின்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டேன். அப்போதுதான் சத்தம் கேட்டது. மழை. நேற்று பெய்தது மாதிரி இல்லை. எதிர்க் கட்டிடம் தெரியவில்லை.

ஏ.இ. போன். வழியில் மாட்டிக்கொண்டாராம். “சித்தேரி ரொம்பிடுச்சு மேடம். கலங்கல்ல தண்ணி போக ஆரம்பிச்சாச்சு.”

அடுத்து ஊர் வாட்ஸப். நேற்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதவள் அனுப்பிய வீடியோ. கல்வெர்ட் வாயிலிருந்து தண்ணீர் செக்கச்செவேல் என்று விழுகிறது. நிஜ ஏத்து. பெரிய ஏரியிலிருந்து வந்த கெண்டைகள் வெள்ளி வெள்ளியாகப் படியில் தாவுகின்றன, வயிறு முட்ட முட்ட. அறுந்த போலீஸ் கயிறு நாணலில் தொங்குகிறது. மடுவில் இடுப்பளவு தண்ணீரில் ஊரே. ஊத்தாக்கூடை, கொசுவலை, சேலை. பொம்பளைகள், பிள்ளைகள். கீர்த்தனா ஒரு பிளாஸ்டிக் வாளியோடு, ஸ்கூல் யூனிபார்மில். பின்னால் கொட்டகையின் கேட் திறந்திருக்கிறது. மணல் மூட்டை ஒன்றுகூட இல்லை.

வீடியோ எடுத்தவள் குரல்: “க்கா, வந்துச்சுக்கா ஏத்து! நீ சொன்னாமேரியே ரெண்டாம் நாளு தான் எறங்குனோம்! ஒனக்கும் எட்த்து வெக்கிறேன்!”

செல்வியிடம் சொல்லவில்லை. ரவியை அவள் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு ஓடிவந்தேன்.

ஆட்டோவில் எழுதுகிறேன். ஹைவேயில் தண்ணீர், வண்டி நகரவில்லை. கண்டெய்னர் லாரி குறுக்கே நிற்கிறது. இறங்கி நடக்கலாம் என்றால் டிரைவர், “பள்ளம் தெரியாதும்மா, கம்னு குந்து” என்கிறார்.

வீடியோ அனுப்பியவளுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. டீக்கடைக்கு அடித்தேன். எடுக்கவில்லை. எல்லோரும் தண்ணீரில் இருப்பார்கள், போன் கரையில் இருக்கும்.

மறுபடி அடிக்கிறேன். ரிங் போகிறது.